ஆறு வயதுப் பூனையை வேறு வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய நிலை. எப்படிச் செய்வது?

கொடிமல்லி (தாம்பரம்) | ஜூன் 3, இரவு 10:40

வணக்கம். மூன்று நாளாக எழுதி எழுதி அழித்துவிட்டு இன்றுதான் போடுகிறேன்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து திருநெல்வேலியில் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். நான் இங்கே வாடகை வீட்டில் தனியாக இருந்து தையல் வேலை பார்க்கிறேன். மெஷினை எங்கே போட்டாலும் தைக்கலாம் என்பதால் நான் போவதுதான் நியாயம். ஜூலை 15-க்குள் காலி செய்வதாக வீட்டுக்காரரிடம் சொல்லியாயிற்று.

என்னிடம் முத்து இருக்கிறான். ஆறு வயது, கருத்தடை செய்த கடுவன். சாம்பல் நிறத்தில் கறுப்புக் கோடு போட்ட நாட்டுப் பூனை. மழைநீர்க் கால்வாய் ஓரத்தில் கண்கூடச் சரியாகத் திறக்காத குட்டியாகக் கிடந்தவன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து சிரிஞ்சில் பால் கொடுத்து வளர்த்தேன். நான் தைக்கும்போது மெஷின் மேசையில் துணிக்கு அடியில்தான் படுத்திருப்பான்.

அவனை அழைத்துப் போக வழியில்லை. தம்பி மகனுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. போன வருடம் இங்கே வந்து தங்கிய இரண்டாம் நாளே மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிறகு பரிசோதனையில் பூனை ஒவ்வாமை என்று உறுதியாகிவிட்டது.

சொந்தக்காரர்கள் எல்லாரும் சொல்லிவைத்தது போல ஒன்றையே சொல்கிறார்கள். "மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிடு, தின்று பிழைத்துக்கொள்ளும்." எங்கள் தெருமுனையைத் தாண்டிப் போகாதவன் அங்கே எப்படிப் பிழைப்பான்? ஆறு வாரம் இருக்கிறது. வளர்ந்த பூனையை யாராவது எடுப்பார்களா? எங்கிருந்து தொடங்குவது?

பழைய திண்ணை (அம்பாசமுத்திரம்) | ஜூன் 4, காலை 6:15

அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எனக்கு 68 வயது. நாய் ஆளோடு, பூனை வீட்டோடு என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் ஒரு பூனை பால் சட்டியை உருட்டிக்கொண்டே இருந்தது. அப்பா அதைக் கோணியில் கட்டி தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டார். ஒன்பதாம் நாள் காலையில் அடுப்படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, பாதமெல்லாம் புண்ணாக. அப்பா அதற்குப் பிறகு அதை எங்கேயும் விடவில்லை. அதனால் சொல்கிறேன், அந்த வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்துக் குடிவருகிறவர்களிடம் இரண்டு வேளை சோறு வைக்கச் சொல்லிவிட்டுப் போங்கள்.

மழைக்குருவி (வேளச்சேரி) | ஜூன் 4, காலை 9:50

ஐயா, உங்கள் வீட்டுப் பூனை திரும்பி வந்ததால் அந்தக் கதை நமக்குக் கிடைத்தது. வராமல் போனவற்றின் கதையைச் சொல்ல யாருமில்லை. அடுத்துக் குடிவருகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கொடிமல்லிக்கு இன்று தெரியாது. அவர்களிடம் நாய் இருக்கலாம், அவர்கள் வர மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்திருப்பது முத்துதான். காலி வீடுகளின் வாசலில் அப்படி உட்கார்ந்திருந்த பூனைகளை நான் தூக்கி வந்திருக்கிறேன்.

கொடிமல்லி அக்கா, ஒன்பது வருடமாகப் பூனைகளுக்குத் தற்காலிக இடம் கொடுத்துத் தத்துக் கொடுத்து வருகிறேன். நீங்கள் செய்வது தவறில்லை. குழந்தைக்கு மூச்சு நின்றுவிடக்கூடிய இடத்துக்கு யாரும் பூனையைக் கொண்டுபோக மாட்டார்கள். ஆறு வாரம் முன்னாலேயே கேட்கிறீர்கள், அதுவே பெரிய விஷயம். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் லாரி வாசலில் நிற்கும்போதுதான் போன் செய்கிறார்கள்.

இந்த வாரமே தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ரேபிஸ் ஊசியும், பூனைகளின் வேறு தொற்று நோய்களுக்குப் போடும் ட்ரைகேட் ஊசியும் வருடம் தாண்டியிருந்தால் போட்டுவிடுங்கள். தனியாரிடம் செலவாகும் என்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம், காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். அப்புறம் படங்கள். பகல் வெளிச்சத்தில், அவன் கண் மட்டத்துக்கு நீங்கள் குனிந்து எடுங்கள். மெஷின் மேசையில் படுத்திருக்கும் படம் அவசியம். விளம்பரத்தில் அவன் நல்லதை மட்டும் எழுத வேண்டாம். புது ஆளைக் கண்டால் ஒளிவான், தூக்கினால் பிடிக்காது, இதெல்லாம் முன்பே தெரிந்தால் எடுத்தவர்கள் ஒரு வாரத்தில் திருப்பித் தர மாட்டார்கள்.

முதலில் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். உங்களிடம் தைக்க வருகிறவர்கள், பால்காரர், மருந்துக்கடை, உங்கள் கால்நடை மருத்துவர். முகநூலில் போட்டால் "யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். கேட்கிறவரிடம் நீங்கள் திருப்பிக் கேளுங்கள். சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரருக்குத் தெரியுமா? வீட்டில் எல்லாருக்கும் சம்மதமா? முன்னால் பூனை இருந்ததா, அது என்ன ஆனது? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் எனக்கு எப்போதும் ஆளைக் காட்டிக் கொடுத்திருக்கிறது.

அப்புறம் அவர்கள் வீட்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். மாடி வீடு என்றால் பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை வேண்டும். புறாவுக்கு அடிக்கிறார்களே, அந்த வலை இறுக்கமாக அடித்திருந்தால் சும்மா எட்டிப் பார்க்கும் பூனையைத் தாங்கும். பூனை எங்கிருந்து விழுந்தாலும் நாலு காலில் நிற்கும் என்று நம்பி விட்டவர்களின் பூனைகளை நான் தாடை உடைந்து பார்த்திருக்கிறேன்.

வெள்ளிநிலா (கோவை) | ஜூன் 4, மதியம் 1:20

நேரில் போய்ப் பாருங்கள் என்று மழைக்குருவி சொன்னதை நான் செய்யவில்லை. நாலு வருடம் முன்பு எனக்கு இடமாற்றல் வந்தது. பத்து நாள்தான் அவகாசம். இணையத்தில் விளம்பரம் போட்டேன், ஒருவர் நன்றாகப் பேசினார், பேருந்து நிலையத்தில் வைத்துக் கூடையைக் கையில் கொடுத்துவிட்டேன். முதல் இரண்டு நாள் குறுஞ்செய்திக்குப் பதில் வந்தது. பிறகு இல்லை. அவர் சொன்ன தெருவைத் தேடிக்கொண்டு போனபோது, முதல் இரவே குளியலறை ஜன்னல் வழியாக ஓடிவிட்டது என்றார். சொல்லியிருந்தால் அன்றே வந்து தேடியிருப்பேனே. அந்தத் தெருவில் நான் பன்னிரண்டு நாள் கருவாட்டுத் தட்டோடு பேர் சொல்லிக் கூப்பிட்டு நடந்தேன்.

அவள் கிடைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் கைமாற்றாதீர்கள், அக்கா.

நாமக்கல் டாக்டர் | ஜூன் 4, இரவு 8:05

நான் கால்நடை மருத்துவர். சில விஷயங்கள் சொல்கிறேன்.

பூனை வீட்டோடுதான், ஆளோடு இல்லை என்பது பாதி உண்மை. பூனைக்கு இடம் மிக முக்கியம். தன் வாசனை தடவிய மூலைகள்தான் அதற்குத் தைரியம். ஆனால் ஆளும் முக்கியம். 2019-இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள். பூனையும் வளர்ப்பவரும் புது அறையில் இருக்க, வளர்ப்பவர் இரண்டு நிமிடம் வெளியே போய்விட்டுத் திரும்புவார். அவர் திரும்பியதும் பூனை என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான பூனைகள் அவரைப் பார்த்ததும் அமைதியாகி, கொஞ்சம் ஒட்டி உரசிவிட்டு, மறுபடி அறையைச் சுற்றிப் பார்க்கப் போயின. அம்மா பக்கத்தில் இருக்கும் தைரியத்தில் குழந்தை விளையாடுவதைப் போன்றது இது. புது வீட்டில் முத்துவுக்கு இடமும் புதிது, ஆளும் புதிது. அதனால் முதல் வாரம் கவனமாக இருக்க வேண்டும்.

முக்கியமாக இரண்டைக் கவனியுங்கள். புது இடத்தில் ஒரு நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு மூன்று நாள் சுத்தமாகச் சாப்பிடாவிட்டால் கல்லீரலில் கொழுப்புத் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். குண்டுப் பூனைகளுக்கு இது இன்னும் அதிகம். "பசி வந்தால் தானே தின்னும்" என்று காத்திருக்கக் கூடாது. இன்னொன்று, கடுவன் பூனைகளுக்குப் பயத்திலும் பதற்றத்திலும் மூத்திரக் குழாய் அடைத்துக்கொள்ளும். மண் தட்டில் அடிக்கடி போய் உட்கார்ந்து, ஒன்றும் வராமல் கத்தினால், விடியட்டும் என்று இருக்காமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். எடுப்பவர்களிடம் இந்த இரண்டையும் எழுதியே கொடுங்கள்.

காப்பகத்தில் விடலாமா என்று யாராவது கேட்பார்கள். 1959-இல் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் அடிபட்ட, ஆதரவற்ற பிராணிகளுக்குச் செய்வது பெரிய சேவை. ஆனால் ஆறு வருடம் ஒரே மேசையில் படுத்த பூனைக்கு, எத்தனை நல்ல காப்பகமும் கூட்டமும் சத்தமும்தான். தொற்று வர வாய்ப்பும் கூடும். அது கடைசி வழியாக இருக்கட்டும்.

செம்பருத்தி (ஈரோடு) | ஜூன் 5, காலை 11:30

இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு இது மூன்றாம் மாதம். பூனை முடி வயிற்றுக்குள் போனால் குழந்தைக்கு ஆகாது என்று மாமியார் சொல்கிறார். அவர் பயந்துதான் சொல்கிறார், கோபமில்லை. நானும் என் பூனைக்கு வீடு தேட வேண்டுமா டாக்டர்?

நாமக்கல் டாக்டர் | ஜூன் 5, மதியம் 2:10

வேண்டாம் அம்மா. முடியால் எதுவும் ஆகாது. பயப்பட வேண்டியது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. அது பூனையின் மலத்தில் வரலாம், வந்தாலும் தொற்றும் நிலையை அடைய ஒரு நாளாவது ஆகும். அதனால் மண் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும், அதை உங்களைத் தவிர வேறு யாராவது செய்ய வேண்டும். ஆள் இல்லாத நாளில் கையுறை போட்டுச் செய்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பூனைக்குப் பச்சை இறைச்சி வேண்டாம், எலி பிடிக்க வெளியே விட வேண்டாம். சரியாக வேகாத இறைச்சி, கழுவாத கீரை, தோட்ட மண் வழியாகவும் இதே கிருமி வரும். அதையும் மாமியாரிடம் சொல்லுங்கள். உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள், முடிந்தால் மாமியாரையும் அழைத்துப் போங்கள். மருத்துவர் வாயால் கேட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

செம்பருத்தி (ஈரோடு) | ஜூன் 5, மதியம் 2:25

இன்று முதல் தட்டு சுத்தம் செய்வது என் கணவர்! நன்றி டாக்டர்.

இரண்டாம் மாடி (சிங்கப்பூர்) | ஜூன் 5, இரவு 9:00

இங்கே வீடமைப்பு வாரியக் குடியிருப்புகளில் பல பத்தாண்டுகள் பூனை வளர்க்க அனுமதி இல்லை. 2024 செப்டம்பர் 1 முதல்தான் உரிமம் எடுத்து ஒரு வீட்டில் இரண்டு வரை வளர்க்கலாம் என்று ஆனது. அதற்கு முன்பு ஒளித்து வளர்த்த என் பூனையை, புகார் வந்த பயத்தில், தனியார் குடியிருப்பில் இருக்கும் அக்காவிடம் கொடுத்தேன். சட்டம் மாறியதும் திரும்பக் கேட்கலாம் என்று ஓடினேன். அங்கே அது அக்கா மகள் தோளில் படுத்திருந்தது. என்னைக் கண்டதும் வந்து உரசியது, அப்புறம் அந்தப் பெண்ணிடமே போய்விட்டது. கேட்காமல் திரும்பி வந்துவிட்டேன். கொடிமல்லி, வளர்ந்த பூனை புது வீட்டில் ஒட்டாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பனித்துளி (மியூனிக்) | ஜூன் 6, அதிகாலை 1:40

வெளிநாடு போகிறவர்கள் இந்த இழையைப் படிக்கலாம் என்பதால் எழுதுகிறேன். விசா வந்தவுடன் பூனையை யாருக்காவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவிலிருந்து ஜெர்மனிக்குக் கொண்டுவர முடியும், ஆனால் நாலு மாதத்துக்கு மேல் திட்டம் வேண்டும். முதலில் தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு (மைக்ரோசிப்), பிறகுதான் ரேபிஸ் ஊசி. வரிசை மாறினால் ஊசி கணக்கில் வராது. ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஐரோப்பிய ஒன்றியம் ஏற்ற ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்தி 0.5 அலகாவது இருப்பதாகச் சான்று வாங்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். நான் முதலில் வந்துவிட்டேன். பூனை என் மாமனார் வீட்டில் இருந்துவிட்டு ஐந்தாம் மாதம் வந்தது. காத்திருக்க ஒரு வீடு கிடைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கறுப்பு அங்கி (மதுரை) | ஜூன் 6, காலை 10:15

கொடிமல்லியின் சொந்தக்காரர்களிடம் காட்ட: பட்டினியிலும் தாகத்திலும் வாட நேரும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் பிரிவு 11-இன்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் வெறும் 10 முதல் 50 ரூபாய்தான். அந்தத் தொகை இத்தனை வருடமாக மாறாமல் இருப்பது எனக்கு வருத்தம். ஆனாலும் குற்றம் குற்றம்தான்.

பழைய திண்ணை (அம்பாசமுத்திரம்) | ஜூன் 6, மாலை 5:30

எல்லாம் படித்தேன். மழைக்குருவி சொன்னது மனதில் நிற்கிறது. அந்த ஒன்பது நாள் அது எங்கே, என்ன தின்றது என்று இத்தனை வருடத்தில் நான் யோசித்ததே இல்லை. அம்மா, நான் சொன்னதை விட்டுவிடுங்கள். திருநெல்வேலி வந்த பிறகு உங்கள் தாயாருக்கு உதவி ஏதும் வேண்டுமானால் இங்கேயே எழுதுங்கள், பக்கத்தில்தான் இருக்கிறேன்.

தமிழாசிரியை (நங்கநல்லூர்) | ஜூன் 9, காலை 7:45

நானும் என் கணவரும் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். தரைத்தளத்தில் சொந்த வீடு, சுற்றுச்சுவர் உண்டு. எங்களிடம் பதினான்கு வருடம் இருந்த பூனை போன தை மாதம் சிறுநீரகக் கோளாறில் இறந்தது. இனி வேண்டாம் என்றுதான் இருந்தோம். மெஷின் மேல் படுத்திருக்கும் முத்துவின் படத்தை அவர் இரண்டு முறை வாங்கிப் பார்த்தார்.

ஒரு தயக்கம். நாங்கள் சைவம். பழைய பூனை தயிர்சாதமும் கடையில் விற்கும் உலர் தீனியும் தின்றது. முத்து மீன் தின்று பழகியவனாயிற்றே?

நாமக்கல் டாக்டர் | ஜூன் 9, காலை 9:10

அம்மா, உலர் தீனிதான் உங்கள் பழைய பூனையைக் காப்பாற்றியிருக்கிறது. பூனைக்கு டாரின் என்ற சத்து உணவிலிருந்தே வர வேண்டும், அது மாமிசத்தில்தான் இருக்கிறது. தயிர்சாதம் மட்டும் தின்னும் பூனைக்குக் காலப்போக்கில் கண் பார்வை போகும், இதயத் தசை பலவீனமாகும். நல்ல உலர் தீனியிலும் பாக்கெட்டில் வரும் ஈரத் தீனியிலும் டாரின் சேர்த்திருப்பார்கள். நீங்கள் மீன் சமைக்க வேண்டியதில்லை. ஆனால் தீனியைத் திடீரென்று மாற்றாதீர்கள். ஏழு முதல் பத்து நாள் பழையதோடு புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து கொடுக்க வேண்டும். கொடிமல்லி, அவனை அங்கே அனுப்பும் முன்பே உங்கள் வீட்டில் வைத்து அந்த மாற்றத்தை முடித்துவிடுங்கள். புது வீடும் புதுச் சாப்பாடும் ஒரே நாளில் வேண்டாம்.

கொடிமல்லி (தாம்பரம்) | ஜூன் 16, இரவு 11:00

நேற்று நங்கநல்லூர் போய் வந்தேன். காபி கொடுத்தார்கள். குளியலறை ஜன்னலுக்கு நான் கேட்கும் முன்பே கம்பிவலை அடித்திருந்தார் சார். "உங்கள் பழைய பூனை என்ன ஆனது" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவரே மருத்துவமனைக் கோப்பை எடுத்து வந்து காட்டினார், கடைசி ஆறு மாதம் ஏற்றிய சொட்டு மருந்துக் கணக்கு வரை எழுதி வைத்திருக்கிறார். இங்கேதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போன வாரம் வந்த இன்னொருவர் "எலித் தொல்லை இருக்கிறது, அதற்குத்தான்" என்றார். அவரை மன்னிக்கச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அவர்கள் இங்கே வந்து முத்துவைப் பார்க்கிறார்கள். ஜூலை 5 கொண்டுபோய் விடுகிறேன். என்னென்ன எடுத்துப் போகட்டும் மழைக்குருவி?

மழைக்குருவி (வேளச்சேரி) | ஜூன் 16, இரவு 11:20

அவன் படுக்கும் துணியைத் துவைக்காமல் எடுத்துப் போங்கள், அழுக்காக இருந்தாலும் சரி. அவனுடைய மண் தட்டும் பழைய மண்ணில் இரண்டு கையளவும். ஆரம்பத்தில் ஒரே ஓர் அறை போதும் என்று சொல்லுங்கள், கட்டிலுக்கு அடியில் இருந்து இழுக்க வேண்டாம், அறையில் உட்கார்ந்து அவர்கள் பாட்டுக்குச் செய்தித்தாள் படிக்கட்டும். ஒரு மாதமாவது வெளியே விட வேண்டாம், தாம்பரத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவான். அப்புறம் ஒரு தாள் எழுதிக் கொடுத்துவிடுங்கள். எப்போது சாப்பிடுவான், எப்படிக் கூப்பிட்டால் வருவான், எங்கே தொட்டால் கடிப்பான். அவர்களால் எப்போதாவது முடியாமல் போனால் முதலில் உங்களுக்கோ எனக்கோதான் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இருக்கட்டும்.

கொடிமல்லி (தாம்பரம்) | ஜூலை 6, காலை 5:50

விட்டுவிட்டு வந்தேன். ஆட்டோவில் வழியெல்லாம் கத்தினான். வீட்டுக்குள் போனதும் சத்தமே இல்லை, கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மெஷின் உறையை அங்கேயே விரித்துவிட்டு வந்தேன். இரவு மூன்று மணிக்கு எழுந்து பழக்கத்தில் கதவைத் திறந்து பார்த்தேன்.

தமிழாசிரியை (நங்கநல்லூர்) | ஜூலை 7, காலை 6:30

நேற்று முழுவதும் எதுவும் தொடவில்லை. தட்டில் சிறுநீர் இருக்கிறது, அதைப் பார்த்ததும் சாருக்கு நிம்மதி. டாக்டர், இன்று இரவு வரை பார்க்கலாமா?

நாமக்கல் டாக்டர் | ஜூலை 7, காலை 6:50

பார்க்கலாம். ஈரத் தீனியைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி, மணம் வரும்படி கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு விளக்கை அணைத்துவிடுங்கள். நாளைக் காலையும் அப்படியே இருந்தால் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

தமிழாசிரியை (நங்கநல்லூர்) | ஜூலை 8, காலை 5:15

தட்டு காலி. நக்கித் துடைத்து வைத்திருக்கிறான்.

கொடிமல்லி (திருநெல்வேலி) | ஆகஸ்ட் 20, மதியம் 3:00

அம்மா வாக்கர் பிடித்து வாசல் வரை நடக்கிறார்கள். தம்பி மகன் என் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுகிறான். முத்துவின் துணிகளை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டேன், என் துணிகளை இரண்டு முறை வெந்நீரில் துவைத்துத்தான் கொண்டுவந்தேன். இதுவரை தம்பி மகனுக்கு ஒரு இழுப்பும் இல்லை. டீச்சர் ஞாயிறுதோறும் படம் அனுப்புகிறார். போன வாரப் படத்தில் சார் விடைத்தாள் திருத்திய பழைய மேசையில், செய்தித்தாளுக்கு அடியில், வால் மட்டும் தெரிகிறது. பழைய திண்ணை ஐயா இருமுறை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனார்.

தமிழாசிரியை (நங்கநல்லூர்) | தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, இரவு 8:40

கொடிமல்லி, இப்போதே தெருவில் வெடி ஆரம்பித்துவிட்டது. முத்து அங்கும் இங்கும் ஓடுகிறான். கட்டிலுக்கு அடியிலும் நிற்கவில்லை. உன்னிடம் இருந்தபோது எப்படிச் சமாளித்தாய்?

கொடிமல்லி (திருநெல்வேலி) | இரவு 8:44

ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு மின்விசிறியை வேகமாகச் சுற்ற விடுங்கள், டீச்சர். புடவை வைக்கும் பீரோவின் கீழ்த் தட்டைக் காலி செய்து, கதவை ஒரு சாண் திறந்து வையுங்கள். கூப்பிடாதீர்கள். அவனே போய்விடுவான்.

தமிழாசிரியை (நங்கநல்லூர்) | இரவு 9:10

போய்விட்டான். என் பட்டுப்புடவை மேல்தான் படுத்திருக்கிறான், இருக்கட்டும்.